குளிர்காலம் தாங்கும் மெழுகு

1

வருகிற மாசியில் என் மனைவி பரமேஸ்வரியின் ஆண்டுத் திவசம். போன மாதம் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு தம்பி, என் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, சொல்லலாமோ கூடாதோ என்று இழுத்து இழுத்து ஒரு கதை சொன்னார். எங்கள் ஊர்ச் சந்தியில் இன்னமும் என்னைப் பற்றிப் பேசுகிறார்களாம்.

"மனுசி சாகக் கிடக்கேக்கை இவர் ஜேர்மனியிலை காருக்கு மெழுகு பூசிக்கொண்டு நிண்டவர். ஒருக்கால் கொண்டு வந்து தாய் சகோதரத்துக்குக் காட்டேல்லை." இதுதான் பேச்சு.

மெழுகு பூசியது உண்மை. அதை மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. அந்த வருடம் மியூனிக் நகரத்தில் என்னைப்போல் ஒருத்தனும் காருக்கு மெழுகு பூசியிருக்கமாட்டான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் அது எந்த மெழுகு, ஏன் அந்த மெழுகு, அதைத் தெரிந்தெடுத்தது யார் என்பது சந்தியில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திப் போடட்டும். விசயத்தில் பிழை இருக்காது.

2

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய பெடியங்களுக்கு நான் யாரென்று தெரியாது.

லொறி கழுவித் தொடங்கியவன் நான். கழுவினேன், ரயர் மாற்றினேன், ஓடப் பழகினேன், பிறகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகினேன். புத்தகம் பார்த்துப் பழகவில்லை, காது வைத்துப் பழகினேன். அறுபதுகளின் தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் எஞ்சின் அறையில் வேலை எடுத்து, ஹம்பேர்க்கில் இறங்கி, கடைசியில் மியூனிக்கில் ஒரு கராஜில் வந்து நின்றேன். அப்போது இந்த ஊரில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் நானே என்னோடு கதைக்க வேண்டும். கராஜ் முதலாளி முதலில் என் கையில் விளக்குமாற்றைத் தந்தார். ஒரு வருடம் போக, கராஜின் சாவியைத் தந்தார். எஞ்சின் இருமுகிற சத்தத்தில் நோய் சொல்லுகிற கறுவல் ஒருவன் இருக்கிறான் என்று வேறு கராஜ்களிலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைதான்.

பரமேசுவையும் மகள் சுமதியையும் இங்கே கூப்பிட எத்தனையோ அன்ட்ராக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். இந்த நாட்டில் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அன்ட்ராக் இருக்கிறது. சுமதி வரும்போது மூன்று வயது. விமானத்திலிருந்து இறங்கி, வெளியே வந்து, "அப்பா, ஆர் இஞ்சை புகை விடுறது?" என்று தன் வாயிலிருந்து போன மூச்சைக் கையால் பிடிக்கப் பார்த்தாள்.

அவர்கள் வந்த வருடம்தான் நான் முதல் கார் வாங்கினேன். பாவித்த கார், கரும்பச்சை. எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு ஜேர்மனியில் சொந்தக் கார் ஓடிய முதல் ஆள் நான்தான். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரின் முதல் குளிர்காலத்தில் நான் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். ஊரில் கடற்கரைப் பக்கம் ஓடுகிற லொறிகளுக்கு உப்புக்காற்றுப் பிடிக்காமல் என்ன செய்வோம்? கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து துணியால் தேய்த்துவிடுவோம். கண்ணாடிபோல மினுங்கும். இங்கே பனி விழுந்தால் றோட்டில் உப்புக் கொட்டுவார்கள். ஊரில் உப்பு காற்றில் வருகிறது, இங்கே தரையில் வருகிறது, மருந்து ஒன்றுதானே என்று நினைத்து, பரமேசு தன் தலைக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு போத்தல் தேங்காயெண்ணெயை முழுக்கக் காருக்குத் தேய்த்துவிட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் கார் முழுக்க வெள்ளை. எண்ணெய் உறைந்து, மாவு குழைத்துப் பூசினமாதிரி நிற்கிறது. காற்றில் வந்த தூசி எல்லாம் அதில் ஒட்டி, சுரண்டினால் வழுக்குகிறது, துடைத்தால் பரவுகிறது. கீழ்வீட்டுக் கிழவி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, காருக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள்.

பரமேசு யன்னலால் எட்டிப் பார்த்தாள். "என்ரை தலைக்கு வைக்கிற எண்ணெயைக் காருக்கு வைச்சிட்டியள். இனிப் பின்னி, பூவும் வைச்சு விடுங்கோ."

அதற்குப் பிறகுதான் மெழுகைப் பற்றிப் படித்தேன். படித்தேன் என்றால், கேட்டும் பூசியும் அறிந்தேன். எந்த மெழுகு ஒரு மழையோடு போகும், எது பங்குனிவரை நிற்கும், எந்தக் குளிருக்குள் பூசினால் பிடிக்காது, எல்லாம் என் விரலுக்குத் தெரியும். கராஜுக்கு வருகிறவர்கள் ஐப்பசி பிறந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் பரமேசுவின் கால் வீங்கத் தொடங்கியது. பிறகு முகம். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுகிற இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. இயந்திரம் கொஞ்சம், ஆட்கள் கனக்க. எங்களுக்கு இடம் கிடைத்தது. அதற்கு நான் எத்தனை கதவு தட்டினேன் என்று எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது.

செவ்வாய், வியாழன், சனி. காலையில் கொண்டுபோய் விட்டால் பின்னேரம்தான் விடுவார்கள். காப்புறுதிக்காரர் வாடகைக் கார் அனுப்புகிறோம் என்றார்கள். பரமேசு மாட்டேன் என்றுவிட்டாள். திரும்பி வரும்போது அவளுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், தலை சுற்றும். அறியாத மனுசனுக்கு முன்னால் சேலை குலைந்து கிடக்க ஏலாது என்றாள். அதனால் நான்தான் கார் ஓடினேன். ஆகவே கார் எங்களுக்குப் பவிசு இல்லை. அது நின்றால் அவள் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கதைத்தது சுமதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தாயின் இரத்தத்தில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று டொக்டர் சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லுவாள். வரவர அந்தத் தமிழும் குறைந்துகொண்டு வந்தது. பாதி தமிழ், மீதி கை. என் ஜேர்மனைக் கேட்டு நெளிவாள்.

"அப்பா, நீங்கள் கதைக்கிறது ஜேர்மன் இல்லை. கராஜ் பாசை."

"அந்தப் பாசைதான் பிள்ளை உனக்குச் சப்பாத்து வாங்கித் தருது."

ஒருநாள் டொக்டர் கதைக்கத் தொடங்கி, சுமதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இதைப் பிள்ளையைக் கொண்டு சொல்லுவிக்க மாட்டேன், பெரிய ஆள் ஒருவரைக் கூட்டிவாருங்கள் என்றார். மியூனிக்குக்குப் பக்கத்திலுள்ள கார்ஹிங்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரகுநாதன் என்ற திருச்சித் தம்பியை எனக்குத் தெரியும். அவருடைய பழைய கார் என் கையால்தான் ஓடியது. சொன்னவுடன் பஸ் ஏறி வந்தார்.

சுமதியை வெளியே இருத்திவிட்டு, டொக்டர் கனநேரம் கதைத்தார். ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணே, டாக்டர் என்ன சொல்றார்னா... அக்காவுக்கு ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்காம். மெஷின்ல இருந்தா இந்த வின்டர் தாண்டலாம். அதுக்கு மேல ப்ராமிஸ் பண்ண முடியாதுங்கறார்."

பரமேசு கேட்டாள்: "ஊருக்குப் போனால், தம்பி?"

"அங்க இந்த மெஷின் இல்லையேக்கா."

"இல்லை எண்டு தெரியும். அதாலைதான் கேக்கிறன்."

அவர் டொக்டரிடம் கேட்டார். பதில் ஒரு மூச்சில் வந்தது. அதைத் தமிழாக்க அந்தப் பெடியனுக்கு நேரம் எடுத்தது. "ரெண்டு மூணு வாரம்க்கா."

பரமேசு தலையாட்டினாள். "அது காணும்தானே."

காரில் திரும்பினோம். சுமதி பின்னால் நித்திரையாகிவிட்டாள். வீடு கிட்டும்போதுதான் பரமேசு சொன்னாள்.

"இஞ்சை செத்தா ஆர் அழுறது?"

"என்ன கதை இது?"

"மேல்வீட்டு மனுசன் செத்தபோது போனமெல்லோ. பெண்சாதி ஒரு லேஞ்சியை வைச்சுக்கொண்டு நிண்டது. மூக்கைத் துடைச்சது, அவ்வளவுதான். பிறகு எல்லாரும் போய்க் கோப்பியும் கேக்கும் சாப்பிட்டவை. எனக்கு அது ஏலாது. எனக்குச் சத்தம் வேணும். ஆச்சியும் பெரியம்மாவும் நெஞ்சிலை அடிச்சு, என்ரை பேரைச் சொல்லி அழவேணும். நாலு வீட்டுக்குக் கேக்கவேணும்."

நான் காரை நிறுத்தினேன். என் வாழ்க்கையில் எல்லா முடிவும் நானே எடுத்தவன். கப்பல் ஏறியது, இறங்கியது, கலியாணம், கார், எல்லாம். ஆனால் இதை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது.

"உன்ரை விருப்பம் பரமேசு. போவம் எண்டால் காரை வித்துப்போட்டு ரிக்கற் எடுக்கிறன். மூண்டு பேரும் போவம். இருக்கிறம் எண்டால் இருப்பம். நீ சொல்லு."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள்.

சந்தியில் நிற்கிறவர்களே, இது நடந்தது புரட்டாதியில். நான் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

4

புரட்டாதி போய் ஐப்பசி பிறந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் குளிர் எங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்காது. முன்வருடத்து உப்பு, கதவின் அடியில் ஒரு இடத்தைத் தின்றிருந்தது. அதை நான் வெட்டி எடுத்து, தகரம் வைத்து ஒட்டி, அடிக்குத் தாரும் பூசியாயிற்று. மிச்சம் மேல் உடம்பு. அதற்கு மெழுகு வேண்டும். எந்த மெழுகு என்பதில்தான் என் கை நின்றது.

ஊரிலிருக்கிறவர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். விற்கப் போகிற காருக்குத் தண்ணிமாதிரி இருக்கிற மெழுகு போதும். அரை மணித்தியால வேலை. அப்படி மினுங்கும், வாங்குகிறவன் கண் அதில்தான் போகும். ஒரு மாதத்தில் அதன் கதை முடிந்துவிடும். வைத்திருந்து குளிர்காலம் முழுக்க ஓடப் போகிற காருக்குப் தகரப் பேணியில் வருகிற கட்டி மெழுகு வேண்டும். கை நோக நோகப் பூச வேண்டும். மினுக்கம் அடக்கமாகத்தான் இருக்கும், ஆனால் உப்பை உள்ளே விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அது எதற்கும் முழுதாக உதவாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் கார்ச் சாமான் கடைக்குப் போனோம். பரமேசு காரில் இருக்கட்டும் என்றேன். இல்லை, நானும் வாறன் என்று இறங்கி, சுமதியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர், மூக்குக்கண்ணாடி போட்ட உயரமான மனுசன். மூன்று மெழுகையும் மேசையில் எடுத்து வைத்தார். நான் தண்ணி மெழுகைக் குலுக்கிப் பார்த்தேன். நடுவில் இருந்ததை மணந்து பார்த்தேன். பேணி மெழுகைத் திறந்து நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை, அவ்வளவு கட்டி. எல்லாவற்றையும் பற்றி அவருக்கே வகுப்பு எடுத்தேன். எந்தக் காரின் பூச்சுக்கு எது சேரும், எது சேராது என்று அடுக்கிக்கொண்டு போனேன். மனுசன் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்விதான்.

நான் பேணியின் மூடியைத் திருகி மூடினேன்.

"என்ன கேக்கிறார்?" என்றாள் பரமேசு.

சுமதி சொன்னாள்: "காரை விக்கப் போறியளோ, வைச்சிருக்கப் போறியளோ எண்டு கேக்கிறார்." சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்தாள். "விக்கப் போறமோ அம்மா?"

பரமேசு மேசையில் இருந்த மூன்றையும் மாறிமாறிப் பார்த்தாள். கடைக்காரர் அந்த நேரம் சுமதியோடு ஏதோ பகிடி விட்டார். சுமதி திருப்பி ஒன்று சொன்னாள். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார், பக்கத்தில் நின்ற இன்னொரு மனுசியும் சிரித்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. பரமேசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற பிள்ளை, அங்கே ஒரு கடையையே சிரிக்க வைத்துக்கொண்டு நின்றாள்.

"சுமதி, இதிலை எது கனகாலம் நிக்கும் எண்டு கேள்," என்றாள் பரமேசு.

கடைக்காரர் பேணியைத் தொட்டுக் காட்டினார். இது பிரேசில் நாட்டில் நிற்கிற ஒரு மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு, வெயில் உலர்த்தாமல் இருக்க மரம் தானாகவே ஓலையில் பூசிக்கொள்கிறது என்று விளக்கி, விசிறிமாதிரிக் கையை விரித்துக் காட்டினார்.

"பனையோ?" என்றாள் பரமேசு.

"கிட்டத்தட்ட," என்றேன் நான்.

"அப்ப இதை எடுங்கோ."

"பரமேசு, இது பங்குனி மட்டுக்கும் நிக்கிற சாமான்."

"தெரியும். நீங்கள் ஒவ்வொரு வருசமும் படிப்பிக்கிறியள்தானே."

"பூச இரண்டு நாள் செல்லும். கை முறியும்."

"உங்கடை கைதானே. பெரிய கை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியள். முறியட்டும்."

பேணியைத் தானே எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் சொன்ன முடிவு அதுதான். ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில் இல்லை, ஒரு கார்ச் சாமான் கடையில்.

5

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கார் கழுவினால் இங்கே அயலவர் சண்டைக்கு வருவார்கள். அதனால் முதலாளியிடம் கேட்டு, பூட்டிக் கிடந்த கராஜின் உள்ளே வைத்துப் பூசினேன். உள்ளே பூசுவதுதான் முறையும். வெயில் பட்டால் மெழுகு திட்டுத்திட்டாய் நிற்கும், குளிர் பட்டால் பிடிக்காது.

பரமேசு தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு காருக்குள்ளேயே முன் ஆசனத்தில் இருந்தாள். நான் வெளியே நின்று தேய்க்க, அவள் உள்ளே இருந்து கண்ணாடியில் தட்டித் தட்டி, அங்கே விட்டுப்போச்சு, இங்கே விட்டுப்போச்சு என்று விரலால் காட்டினாள். கராஜில் எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தார்கள். எனக்கு மேலே நின்று வேலை வாங்கிய ஒரே ஆள் அவள்.

இந்த மெழுகை அள்ளிப் பூசக் கூடாது. மெல்லிசாக, ஒரு முழ இடம், வட்டம் வட்டமாக. மூடுபனிமாதிரி வெளுத்து வரும்வரை விட்டு, பிறகு வேறு துணியால் எடுக்க வேண்டும். அதன் மேல் அடுத்த பூச்சு. எஞ்சின் மூடி முடிந்து நான் கதவுப் பக்கம் வந்தபோது, அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"ஏன் இருக்கிறம் எண்டு நீங்கள் கேக்கேல்லையே?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தன்."

"கடையிலை அவள் கதைச்சதைக் கண்டனீங்கள்தானே. அங்கை கொண்டு போனால் அவள் ஊமை. எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. எங்கடை சனமே வெள்ளைக்காரி எண்டு பகிடி பண்ணும். நான் போன பிறகு உங்களையும் அவளையும் திரும்ப உள்ளுக்கு விடுவினமோ எண்டும் தெரியாது."

"அவளை இஞ்சை ஆரோடையும் விட்டிட்டு நாங்கள் ரண்டு பேரும் போய் வரலாம். ரகுநாதன் தம்பி நல்ல ஆக்களைக் காட்டுவார்." இதையும் நான் சொன்னேன். சொல்லாமல் விடவில்லை.

அவள் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள்.

"செத்துப் போறது வேறை அப்பா. விட்டிட்டுப் போறது வேறை. அவள் வளந்த பிறகு, அம்மா செத்துப்போனா எண்டு சொல்லலாம். அம்மா என்னை விட்டிட்டுச் சாகப் போனவ எண்டு சொல்லக் கூடாது."

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உங்கடை மெழுகு காயுது," என்றாள். கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

அன்று பூசிய அந்தக் கதவைப்போல வேறொன்றையும் நான் பூசியதில்லை.

6

அந்தக் குளிர்காலத்தில்தான் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்று அரசாங்கம் தடுத்தது. பெரிய றோட்டுகளில் சனம் நடந்தது, பிள்ளைகள் சறுக்கினார்கள். பரமேசு யன்னலடியில் இருந்து பார்த்துவிட்டு, "எங்கடை ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி, தேர்தான் இல்லை," என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்துச் சொன்னது என்று எழுத ஆசை. ஆனால் அவள் பிறகும் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் கனக்கச் சிரித்தாள்.

செவ்வாய், வியாழன், சனி. பனி முழங்கால் உயரம் கிடந்த நாளிலும் என் கார் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுடுதண்ணீர் ஊற்றித் தன் காரின் கதவைத் திறந்துகொண்டு நிற்க, நான் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். ஒருநாளும் பிந்தவில்லை. இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்லுவேன். சுமதி பள்ளிக்கூடத்தால் வரும்போது, ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில், கதவைத் திறந்தது தாய்தான். சிலநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள். சிலநாள் திறந்துவிட்டு அங்கேயே கதிரையில் இருந்துவிட்டாள். ஆனால் திறந்தாள்.

மாசி கடைசியில், ஒரு வியாழக்கிழமை, இயந்திரத்தில் இருந்தபடியே இதயம் நின்றுவிட்டது. நான் கராஜில் நின்றேன். தொலைபேசியை முதலாளி எடுத்தார்.

தகனம் செய்கிற இடத்தில் எங்களுக்கு அரை மணித்தியால டெர்மீன் தந்தார்கள். டெர்மீன் என்றால் குறித்துத் தந்த நேரம். எங்களுக்கு முன்னால் ஒரு பிரேதம், பின்னால் ஒரு பிரேதம். சுமதி, ரகுநாதன், முதலாளியும் பெண்சாதியும், கீழ்வீட்டுக் கிழவி, சுமதியின் வகுப்பு வாத்தியார். எல்லோரும் கறுப்பு உடுப்பில், கையைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் நின்றார்கள். நல்ல மனுசர். அவர்களுக்குத் தெரிந்த மரியாதை அது.

நான் அழுதேன். கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை. நெஞ்சில் அடித்து, பரமேசு, என்ரை பரமேசு என்று, எங்கள் ஊரில் பொம்பிளைகள் அழுகிறமாதிரி, வாய்விட்டு அழுதேன். எனக்கு ஒப்பாரி தெரியாது. வந்த சொல்லையெல்லாம் வைத்து அழுதேன். அவள் சமைத்தது, என்னைப் பகிடி பண்ணியது, தலைக்கு வைக்க எண்ணெய் இல்லாமல் ஒரு குளிர்காலம் இருந்தது, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அங்கே வேலை செய்கிற மனுசன் ஓடி வந்தார், எனக்கு ஏதோ வந்துவிட்டதென்று. ரகுநாதன் அவரைத் தடுத்து, "விடுங்க, அது எங்க வழக்கம்," என்று ஜேர்மனில் சொன்னாராம். ஆம்பிளை இப்படி அழுகிற வழக்கம் எந்தத் தமிழனுக்கும் இல்லை. அந்தப் பெடியன் எனக்காகப் பொய் சொன்னார். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்குமோ தெரியாது. அடுத்த பிரேதத்துக்கு வந்து வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது. அவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய சாமான்களை எடுக்கவும் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைக்கவும் அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். வேறு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்குக் காரை எடுத்தேன். சுமதி பள்ளிக்கூடம் போகவில்லை. வந்து முன் ஆசனத்தில் தாயின் இடத்தில் ஏறி இருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தடைமரம் இருக்கும். அதைத் தூக்கிவிடுகிற காவலாளி எங்களை நன்றாகத் தெரிந்தவர். அவர் இரண்டு கிழமை சுகமில்லாமல் வீட்டில் நின்று, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் காரைக் கண்டவுடன் கையை உயர்த்திக் கும்பிடுமாப்போலச் செய்து, கூண்டிலிருந்து வெளியே வந்தார். பங்குனி பிறக்கப் போகிற நேரம். அங்கே நின்ற மற்றக் கார் எல்லாம் உப்பேறிச் சாம்பல் நிறமாக நின்றன. எங்கள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கையுறையைக் கழற்றி, கதவை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"குளிர்காலம் முழுக்க ஓடின கார் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம். என்ன மெழுகு போட்டனீங்கள்?"

எனக்கு அந்தப் பேணியின் பெயர் வாயில் நின்றது. அதைச் சொல்லவில்லை.

"என்ரை மனுசி தெரிஞ்செடுத்தது," என்றேன்.

"நல்லாத் தெரிஞ்செடுத்திருக்கிறா." தடைமரத்தைத் தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே பார்த்தார். சுமதியைக் கண்டு சிரித்தார். பரமேசு ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். இந்த நாட்டில் யாரையும் கண்டு பிரியும்போது வீட்டில் இருக்கிறவர்களுக்கு வணக்கம் சொல்லி அனுப்புவது வழக்கம். அவரும் சொன்னார்.

"அவவுக்கு என்ரை வணக்கத்தைச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்," என்றேன்.

மரம் மேலே நின்றது. நான் காரை உள்ளே விட்டேன்.